இன்சுலினை எங்கே, எப்படி வைப்பது? புதிதாக ஊசி போடத் தொடங்குபவர்களுக்கு

புதிதாக இன்சுலின் எழுதித் தருகிற டாக்டர் அளவையும் நேரத்தையும் சொல்லுவார். எங்கே, எப்படிக் குத்துவது என்று நர்ஸ் காட்டுவார். எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கு மட்டும், மெடிக்கல் ஷாப்பில் பையை நீட்டும்போது ஒரே ஒரு வரி: “ஃபிரிட்ஜ்ல வெச்சுக்குங்க.” அதைக் கேட்டு வீட்டுக்கு வருகிறவர், ஃபிரிட்ஜில் எது அதிகக் குளிரான இடம் என்று தேடி, ஃபிரீசருக்குக் கீழே இருக்கும் தட்டில் கொண்டுபோய் வைக்கிறார். மருந்துக்கு நல்லது செய்வதாகத்தான் நினைப்பு. இன்சுலினுக்கு அதைவிட மோசமான இடம் அந்த வீட்டில் ஃபிரீசர் ஒன்றுதான்.

நம் ஊரில் எல்லாரும் வெயிலுக்குத்தான் பயப்படுகிறோம். பயப்படலாம், தப்பில்லை. ஆனால் சாதாரண அறைச் சூடு இன்சுலினின் பலத்தை மெதுவாகத்தான் குறைக்கும். உறைந்துபோனால் ஒரே தடவையில் வேலை முடிந்தது. இது மனதில் நின்றால் மற்றதில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்கள் இரண்டு சங்கிலிகளாகக் கோத்து, குறிப்பிட்ட ஒரு வடிவத்தில் மடிந்திருக்கும். அந்த வடிவம் இருக்கிறவரைதான் அது வேலை செய்யும். மாத்திரையாக விழுங்க முடியாததற்கும் இதுவே காரணம்: வயிறு அதையும் சாப்பாட்டுப் புரதம் போலவே செரித்துவிடும். முட்டையின் வெள்ளைக்கரு வெந்து இறுகிய பிறகு எவ்வளவு ஆற வைத்தாலும் பழையபடி ஆகாது. வடிவம் குலைந்த இன்சுலினும் அப்படித்தான். கடும் சூடு, உறைவு, நேர் வெயில், பலமான குலுக்கல் எல்லாமே அந்த வடிவத்தைக் குலைப்பவை. ஒரே வித்தியாசம், முட்டை வெந்தது பார்த்தாலே தெரியும். இன்சுலின் கெட்டது பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் வைக்கும் இடத்தையும் தேதியையும் நம்ப வேண்டியிருக்கிறது.

வாங்கும்போது

கடைத்தெருவில் மற்ற வேலைகளை முடித்துவிட்டு இன்சுலினைக் கடைசியாக வாங்குங்கள். கடைக்காரர் அதை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் தருகிறாரா என்று பாருங்கள். அலமாரியிலிருந்து எடுத்தால் வேறு கடை பார்ப்பது நல்லது. காலாவதித் தேதி, பெட்டியின் மேல் மில்லிக்கு 40 யூனிட்டா 100 யூனிட்டா என்ற எண், இரண்டையும் கடையிலேயே படித்துவிடுங்கள். ஐஸ் பேக் கொடுத்தால் அது மருந்துப் பெட்டியை நேராகத் தொடக் கூடாது. நடுவில் செய்தித்தாளோ துணியோ இருக்கட்டும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள், வீட்டில் ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்து டெலிவரி வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வெயிலில் கிடந்த பார்சலையும், ஐஸ் பேக்கோடு ஒட்டி உறைந்து வந்த பெட்டியையும் வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அனுப்புவதே சரி. ஒரு மாதத்துக்கு வேண்டியதும், அவசரத்துக்கு ஒன்று கூடுதலும் கையிருப்பில் இருந்தால் போதும். தள்ளுபடி கிடைக்கிறது என்று ஆறு மாதத்துக்கு வாங்கி அடுக்கினால், ஃபிரிட்ஜ் ஒரு நாள் கோளாறு செய்யும்போது மொத்தமும் போகும்.

ஃபிரிட்ஜுக்குள் எந்த இடம்

திறக்காத இன்சுலின், குப்பியோ, பேனாவுக்குள் போடும் கார்ட்ரிட்ஜோ, ஊசி போடும் பேனாவோ எதுவானாலும், 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பெட்டியில் அச்சிட்ட காலாவதித் தேதி வரை அதன் பலம் குறையாது.

ஆனால் ஃபிரிட்ஜ் முழுக்க ஒரே குளிர் இல்லை. பல வீடுகளில் இருக்கும் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃபிரீசர் மேலே இருக்கும். அதற்கு நேர் கீழே இருக்கிற தட்டும், பின்சுவரும்தான் உறையும் இடங்கள். பின்சுவரில் ஒட்டிய கொத்தமல்லிக் கட்டு சில நேரம் ஐஸ் பிடித்துக் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இன்சுலினுக்கும் அதே கதிதான். நடுத் தட்டில், முன்பக்கமாக வைப்பது நல்லது. கதவில் இருக்கும் நடு அடுக்கும் பரவாயில்லை. கதவைத் திறந்து மூடும்போது சூடு ஏறி இறங்கும் என்று சிலர் கதவை வேண்டாம் என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் உள்ள வீட்டில், உள்ளே எந்த இடம் உறையும் என்று உறுதியாகத் தெரியாதபோது, நான் கதவையே சொல்வேன். ஒன்றிரண்டு டிகிரி ஏறி இறங்குவது உறைவதைவிடச் சின்னக் கெடுதல்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, அதில் இன்சுலினை அதன் அட்டைப் பெட்டியோடு வையுங்கள். அட்டைப் பெட்டி வெளிச்சத்தைத் தடுக்கும். டப்பா ஈரத்தையும் உருளுவதையும் தடுக்கும். மேலே ‘மருந்து’ என்று எழுதி ஒட்டிவிட்டால், ஃபிரிட்ஜைத் துடைக்கிறவர்கள் அதை ஃபிரீசருக்கு மாற்றிவிட மாட்டார்கள். இது நிறைய வீடுகளில் நடக்கிற விஷயம். அப்புறம், ஃபிரிட்ஜுக்குள் வைக்கும் சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதிக விலை இல்லை. அதை இன்சுலின் டப்பாவுக்குள்ளேயே போட்டுவிட்டு, காலையில் முதல் தடவை திறக்கும்போது பாருங்கள்; 4, 5 டிகிரி காட்டினால் நிம்மதி. இரவு முழுக்கக் கதவு மூடியே இருந்ததால் அப்போதுதான் குளிர் அதிகமாக இருக்கும். 2க்குக் கீழே போனால் குமிழைக் குறைத்து வையுங்கள். கோடையில் கூட்டி வைத்த குமிழை மழைக்காலத்தில் குறைக்க மறந்துபோகிற வீடுகளில்தான் பெரும்பாலும் இந்தத் தொல்லை வரும்.

இது நம்முடைய பழைய ஃபிரிட்ஜுகளின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். பெர்லினின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் 2018ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயாளிகள் தங்கள் வீட்டு இன்சுலினோடு சின்ன வெப்பமானிக் கருவியை வைத்துப் பதிவு செய்தார்கள். ஃபிரிட்ஜில் இருந்த இன்சுலின் பல வீடுகளில் 2 முதல் 8 டிகிரி என்ற எல்லையைத் தாண்டியிருந்தது. சில வீடுகளில் 0 டிகிரிக்குக் கீழேயும் போயிருந்தது.

திறந்த பிறகு: தேதி எழுதுங்கள்

குப்பியின் ரப்பரில் முதல் ஊசி இறங்கிய நாளிலிருந்து, அல்லது பேனாவில் கார்ட்ரிட்ஜைப் போட்ட நாளிலிருந்து, இன்னொரு கணக்கு தொடங்குகிறது. இந்தக் கணக்கும் அச்சிட்ட காலாவதித் தேதியும், எது முதலில் வருகிறதோ அதோடு நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலான இன்சுலின்களுக்குத் திறந்த பிறகு 28 நாள். சில மனித இன்சுலின் குப்பிகளுக்கு 6 வாரம் வரையும், டெக்லுடெக் என்ற நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினுக்கு 56 நாளும் உண்டு. உங்களுடையதற்கு எத்தனை நாள், எத்தனை டிகிரி வரை என்பது உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் இருக்கும். எழுத்து பொடியாக இருந்தால் மருந்துக்கடைக்காரரையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

திறந்த அன்றே குப்பியின் மேல் ஒரு சின்ன பிளாஸ்டரை ஒட்டி இரண்டு தேதிகளை எழுதுங்கள்: திறந்த நாள், தூக்கிப்போட வேண்டிய நாள். ஒரு தேதி மட்டும் எழுதினால், அது திறந்ததா முடிவதா என்று பத்து நாள் கழித்துக் குழப்பம் வரும்.

இங்கே ஒரு கணக்கு பார்க்க வேண்டியிருக்கிறது. நம்மூரில் பரவலாகக் கிடைக்கும் 10 மில்லி குப்பியில், மில்லிக்கு 40 யூனிட் வீதம் மொத்தம் 400 யூனிட் இருக்கும். நாளைக்கு 20 யூனிட் போடுகிறவருக்கு அது 20 நாளில் தீர்ந்துவிடும், கவலை இல்லை. நாளைக்கு 10 யூனிட் போடுகிறவருக்கு 40 நாள் வரும். தாளில் 28 நாள் என்று இருந்தால், கடைசி 120 யூனிட் தேதி தாண்டியது. காசு கொடுத்து வாங்கியதை எப்படிக் கொட்டுவது என்று மனசு வராது, எனக்குப் புரிகிறது. அளவு குறைவாகப் போடுகிறவர்களும் குழந்தைகளும் 3 மில்லி கார்ட்ரிட்ஜுக்கு மாறலாமா என்று டாக்டரிடம் கேட்பது நல்லது. அதில் மில்லிக்கு 100 யூனிட் வீதம் 300 யூனிட்தான் இருக்கும், வீணாவது குறையும்.

திறந்ததை வெளியே வைக்கலாமா? அறைச் சூடு 30 டிகிரிக்குள் (சில வகைகளுக்கு 25க்குள்) இருந்தால் வைக்கலாம். குளிர்ந்த இன்சுலின் குத்தும்போது வலிக்கும் என்பதால், வெளியே வைத்ததைப் போடுவது பலருக்கும் சௌகரியம். ஊட்டி, கொடைக்கானலில் வருடம் முழுக்க இது சரிப்படும். சமவெளியில் மார்கழி, தையில் சரி. சித்திரை, வைகாசியில் வேலூரிலும் கரூரிலும் மதுரையிலும் ஓட்டு வீட்டுக்குள், தகரக் கூரைக்குள் பகலில் 30 டிகிரி எங்கே இருக்கும்? அந்த மாதங்களில் திறந்த குப்பியையும் ஃபிரிட்ஜில் வைப்பதே நல்லது. போடுவதற்குக் கால் மணி, அரை மணி நேரம் முன்னால் எடுத்து வெளியே வையுங்கள். வெந்நீரில் காட்டிச் சூடாக்க வேண்டாம்.

பேனாவில் ஒரு சிக்கல் உண்டு. சில பேனாக்களின் தாளில், பயன்படுத்தத் தொடங்கிய பின் ஃபிரிட்ஜில் வைக்காதே என்றே எழுதியிருக்கும். உங்கள் அறை கொதிக்கிற அறை என்றால் என்ன செய்வது என்பதை டாக்டரிடம் நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே வைத்தாலும், போட்டு முடித்ததும் ஊசியைக் கழற்றி, மூடியைப் போட்டுத்தான் வைக்க வேண்டும். ஊசியோடு விட்டால், சூடும் குளிரும் மாறும்போது மருந்து ஒழுகும், காற்று உள்ளே போகும், அடுத்த தடவை அளவு தப்பும்.

வீட்டில் வைக்கவே கூடாத இடங்கள்: டிவிக்கு மேல், ஃபிரிட்ஜின் தலைமேல், அடுப்பு மேடை, ஜன்னல் திட்டு, சாமி விளக்குக்குப் பக்கம். வண்டியின் சீட்டுக்கு அடியில் இருக்கும் டிக்கியும் அப்படித்தான்.

ஃபிரிட்ஜ் இல்லையென்றால்

ஃபிரிட்ஜ் இல்லாததால் இன்சுலினே வேண்டாம் என்று சொல்கிறவர்களைப் பார்க்கலாம். அதற்கு அவசியமில்லை. கென்யாவின் தடாப் அகதி முகாமில் வீடுகளுக்குள் பதிவான வெப்பத்தை வைத்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் செய்த ஆய்வு 2021ல் வெளிவந்தது. 25க்கும் 37 டிகிரிக்கும் இடையே தினமும் ஏறி இறங்கிய சூட்டில் 4 வாரம் இருந்த இன்சுலின், குளிரில் வைத்த இன்சுலினுக்குச் சமமாகவே இருந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் ஃபிரிட்ஜை அணைத்துவிட வேண்டாம். தாளில் உள்ள எல்லைதான் எல்லை. ஆனால் ஒரு மதியம் 34 டிகிரி ஆகிவிட்டது என்று பதறிப்போய்க் குப்பியைக் கொட்டவும் வேண்டாம்.

மண்பானை நன்றாக வேலை செய்யும். வாய் அகன்ற பெரிய பானைக்குள் மணலைப் போட்டு, அதில் சின்னப் பானையைப் பதியுங்கள். இடையில் இருக்கும் மணலைக் காலையும் மாலையும் நனைத்து வாருங்கள். இன்சுலினைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு உள்பானையில் வைத்து, ஈரத் துணியால் வாயை மூடுங்கள். பானை நிழலில், காற்று ஓடும் இடத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதனால் உள்ளே சில டிகிரி குறையும். காற்று வறண்டிருக்கும் மதுரை, திருச்சிப் பக்கம் இது நன்றாகவே குளிரும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் பலன் குறைவு. அங்கே பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜிலோ, கேட்டுப் பார்த்து மருந்துக்கடையிலோ கையிருப்பை வைத்துவிட்டு, திறந்த ஒன்றை மட்டும் பானையில் வைத்துக்கொள்ளலாம். பானை எவ்வளவு குளிர்ந்தாலும் 2 முதல் 8 டிகிரிக்கு வராது. ஆகவே அதில் வைத்த நாளிலிருந்தே, திறக்காத குப்பிக்கும் நாள் கணக்கு தொடங்கிவிடும்.

குப்பியை நேராக ஐஸ் தண்ணீரில் மிதக்க விடும் பழக்கம் வேண்டாம். லேபிள் ஊறிக் கழன்றுவிடும், எது எந்த இன்சுலின் என்றே தெரியாமல் போகும்.

கரண்ட் போனால்

சில மணி நேர மின்வெட்டுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் போல உள்ளே குளிர் நிற்கும். பதறிப்போய் இன்சுலினை ஃபிரீசருக்கு மாற்றுவதுதான் அப்போது நடக்கிற பெரிய தப்பு; கரண்ட் திரும்பி வந்ததும் அது அங்கேயே உறைந்துவிடும்.

புயல் வேறு கதை. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டா மாவட்டங்களில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னையிலேயே பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் ஐப்பசி பிறக்கும்போதே வாய் அகன்ற தெர்மாஸ் பிளாஸ்க் ஒன்றும், ஃபிரீசரில் இரண்டு ஐஸ் பேக்கும் தயாராக வைத்திருங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் இன்சுலின், சிரிஞ்சு, சர்க்கரை பார்க்கும் மெஷின், மருந்துச் சீட்டு எல்லாம் தண்ணீர் புகாத ஒரே பையில், உயரமான இடத்தில் இருக்கட்டும். வெள்ளத் தண்ணீர் பட்ட குப்பியைப் பயன்படுத்த வேண்டாம். நாட்கணக்கில் ஃபிரிட்ஜ் ஓடவில்லை என்றால், கரண்ட் போன நாளைத் திறந்த நாளாக எடுத்துக்கொண்டு கையிருப்பு எல்லாவற்றின் மேலும் தேதி எழுதிவிடுங்கள்.

பயணம்

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ராத்திரி பஸ்ஸிலோ ரயிலிலோ போவதற்கு ஐஸ் தேவையே இல்லை. கைப்பையில் துணிகளுக்கு நடுவே வைத்தால் போதும். பகல் பயணம், கோடைக்காலம் என்றால் பிளாஸ்க். ஐஸ் பேக்கைத் துண்டில் சுற்றி அடியில் வைத்து, மேலே இன்சுலின். ஈரத்தில் ஊறிக் குளிரும் தனிப் பைகளும் விற்கிறார்கள். அடிக்கடி ஊர் சுற்றுகிறவர்களுக்கு உபயோகப்படும்.

நிறுத்திய காரில் விட்டுவிட்டு சாப்பிடப் போகாதீர்கள். மூடிய கார் வெயிலில் அரை மணி நேரத்திலேயே அடுப்பாகிவிடும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்குப் போகிறவர்கள் இதைத் திருப்பிப் படியுங்கள்: அங்கே உறைபனி விழும் இரவுகள் உண்டு, காரிலேயே விட்ட இன்சுலின் உறையக்கூடும். விமானத்தில் எப்போதும் கைப்பைதான். சரக்கோடு போகும் பெட்டியில் குளிர் அதிகமாகலாம், பெட்டி தொலைந்தும் போகலாம். வெளிநாடு போகிறவர்கள் டாக்டர் கடிதமும் மருந்துச் சீட்டும் வைத்துக்கொண்டால் சோதனையில் சிரமம் இருக்காது.

கெட்டுப்போச்சோ என்று சந்தேகம் வந்தால்

ஒவ்வொரு தடவையும் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் போல இருக்க வேண்டிய இன்சுலின் (வேகமாக வேலை செய்பவை, நீண்ட நேரம் வேலை செய்யும் கிளார்ஜின், டெக்லுடெக் போன்றவை) கலங்கியோ நிறம் மாறியோ இருந்தால் வேண்டாம். பால் போல இருக்கும் வகைகளை, அதாவது 30/70 கலவையையும் என்பிஎச் இன்சுலினையும், உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாகப் பத்துத் தடவை உருட்டி, பத்துத் தடவை மேலும் கீழும் சாய்த்து ஒரே சீராகக் கலக்க வேண்டும். டானிக் பாட்டிலைப் போலக் குலுக்கக் கூடாது. கலக்கிய பிறகும் கட்டிகள் மிதந்தாலோ, கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் படலம் ஒட்டியிருந்தாலோ தூக்கிப்போடுங்கள். உறைந்து உருகியது என்று தெரிந்தால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வேண்டாம்.

பார்வைக்குத் தெரியாதபோது காட்டிக்கொடுப்பது இரத்தச் சர்க்கரைதான். சாப்பாடும் நடையும் மாறவில்லை, காய்ச்சல் இல்லை, ஆனாலும் சில நாளாகச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது என்றால் இப்படி ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதலில் சிரிஞ்சு. 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். மாற்றி, 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் 10க்குப் பதில் 25 யூனிட் போய் உயிருக்கே ஆபத்தாகும். அடுத்து, ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோல் தடித்திருக்கிறதா? அங்கே போட்டால் மருந்து சரியாக ஏறாது. அப்புறம் பிளாஸ்டரில் எழுதிய தேதி, ஃபிரிட்ஜின் தெர்மாமீட்டர். இதில் எதிலும் பிடி கிடைக்கவில்லை, அல்லது குப்பியின் மேலேயே சந்தேகம் என்றால், புதிய குப்பியைத் திறந்து அதே அளவைப் போட்டு, சர்க்கரையை அடிக்கடி பார்த்து வாருங்கள்.

அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். டாக்டரிடம் போனாலும், குப்பி வெயிலில் இருந்தது, ஐஸ் பிடித்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அது தெரியாமல் அவர் அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்து, அடுத்த வாரம் நல்ல குப்பியிலிருந்து அந்தக் கூடிய அளவைப் போட்டால், சர்க்கரை தடாலென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், மயக்கம் என்று ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும். சர்க்கரை அதிகமாக இருக்கும்போது வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு வாங்குவது சேர்ந்து வந்தால் குப்பியை ஆராய்ந்துகொண்டு நிற்க வேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளுக்கு இது இன்னும் அவசரம்.

கடைசியாக, சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பாவை இன்சுலினோடு சேர்த்து ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் தப்பாகக் காட்டும், அப்புறம் நல்ல இன்சுலினின் மேல் பழி விழும். அதை மூடி இறுக்கி, அலமாரியில் வெயில் படாமல் வைத்தாலே போதும்.